கிருமி போன பிறகும் ஸ்கேன் எதற்கு? ஹெபடைட்டிஸ் சி மருந்தும் கல்லீரல் புற்றுநோயும்

கண்புரை ஆபரேஷனுக்குப் போன இடத்தில்தான் என் பெரியப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் சி இருப்பது தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாக எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் வந்த முடிவு. அதுவரை அவருக்குக் காமாலை கண்டதில்லை, வயிற்று வலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து யோசித்ததில் ஒன்றுதான் பிடிபட்டது. 1980-களின் நடுவில் டிராக்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-ல்தான். அவருக்கு ரத்தம் ஏற்றிய காலத்தில் அதைத் தேடிப் பார்க்க உலகத்தில் எங்கேயும் வழி கிடையாது.

12 வாரம் மாத்திரை சாப்பிட்டார். முடித்து மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தது. டாக்டர் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, "ஆறு மாசத்துக்கு ஒருக்கா மட்டும் ஸ்கேன் எடுத்துருங்க" என்றார். வெளியே பேக்கரியில் டீ குடிக்கும்போது பெரியப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, கிருமி போயிருச்சுன்னு அவரேதான சொன்னாரு. அப்புறம் ஸ்கேன் எதுக்கு?"

அதே வாரம் சொந்தக்காரர் ஒருவர் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டார். அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் கல்லீரலில் கேன்சர் வருகிறதாம்.

ஒரு பக்கம் 'கிருமி போச்சு, இனி ஒன்றுமில்லை'. இன்னொரு பக்கம் 'மாத்திரையே கேன்சரைக் கொண்டுவரும்'. நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவன். இந்த இரண்டையும் கவுண்டரில் அடிக்கடி கேட்கிறேன். இரண்டும் தப்பு. ஏன் தப்பு என்று புரிய, வைரஸ் என்ன செய்கிறது, அது விட்டுப்போவது என்ன என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தறியில் மாட்டிய வேற்று அட்டை

சென்னிமலைப் பக்கம் ஜக்கார்டு தறி பார்த்தவர்களுக்கு இது சுலபம். தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். அட்டையில் என்ன துளையோ, சேலையில் அந்தப் பூ. தறிக்குச் சொந்த யோசனை கிடையாது, அட்டை சொன்னதை நெய்யும்.

கல்லீரல் செல்லும் அப்படி ஒரு தறிதான். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் உள்ளே நுழைந்து தன் அட்டையை மாட்டிவிடுகிறது. அந்த அட்டைக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். 'இன்ன புரதம் செய்' என்ற குறிப்பைச் சுமக்கும் நீளமான மூலக்கூறு அது. செல் தன் வேலையோடு வைரஸின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. உடம்பின் காவல் செல்கள் இதைக் கண்டுபிடித்து, வேற்று அட்டை மாட்டிய தறியையே உடைக்கின்றன. கல்லீரலுக்கு வருகிற சேதத்தில் பெரும்பகுதி இந்தச் சண்டையால் வருவது. இந்தச் சண்டைக்குத்தான் அழற்சி என்று பெயர். ஹெபடைட்டிஸ் என்றாலே கல்லீரல் அழற்சி என்றுதான் பொருள்.

தொற்றியவர்களில் 100-க்குச் சுமார் 30 பேர் மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸை விரட்டிவிடுவார்கள். மீதி 70 பேரிடம் அது தங்கிவிடும். ஆறு மாதத்தைத் தாண்டி நின்றால் அதை நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி என்கிறோம். பெரும்பாலும் சத்தமே இருக்காது. நம் ஊரில் காமாலை என்றால் கண் மஞ்சளாக வேண்டும், கீழாநெல்லி அரைக்க வேண்டும். இந்த நோயில் பல பேருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. அதனால்தான் பெரியப்பாவுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் தெரியாமல் போனது.

நொய்யலும் உப்பும்

பெரியப்பாவின் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1992-ல் பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் கட்டிய அணை அது. சில வருஷங்களிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கும் இடமாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் உப்பானது. மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்தவர்களே மறுபடி திறக்கலாம் என்றானது.

பேக்கரியில் அவரிடம் நான் கேட்டது இதைத்தான்.

"பெரியப்பா, பட்டறையை மூடின அன்னிக்கே நம்ம தோட்டத்து மண்ணு நல்லாயிருச்சுங்களா?"

"அதெப்படி? தண்ணி வர்றது நின்னுச்சு. மண்ணுல எறங்குன உப்பு அங்கயேதான கெடக்கும்."

இவ்வளவுதான் விஷயம். வைரஸ் என்பது வந்துகொண்டே இருந்த சாயத்தண்ணீர். மாத்திரை அதை நிறுத்துகிறது. வருஷக்கணக்கில் மண்ணில் இறங்கிய உப்பு வேறு சங்கதி.

கல்லீரலில் அந்த உப்பு, தழும்பு. செல்கள் சாகும்போதெல்லாம் உடம்பு அந்த இடத்தை நார் போன்ற புரதத்தை வைத்து ஒட்டுப்போடுகிறது. முழங்காலில் அடிபட்டு ஆறிய இடம் தடித்துப் போவது மாதிரி. கல்லீரலில் இப்படித் தழும்பு சேர்வதற்கு ஃபைப்ரோசிஸ் என்று பெயர். அதை 0 முதல் 4 வரை அளவிடுவார்கள். 0 என்றால் தழும்பு இல்லை. 4 என்றால் தழும்பு கல்லீரல் முழுக்கப் பின்னிக்கொண்டு, நடுவே செல்கள் முடிச்சு முடிச்சாகத் தேங்கி, உறுப்பே இறுகிப்போன நிலை. இதுதான் சிரோசிஸ். குடிக்கிறவர்களுக்குத்தான் சிரோசிஸ் வரும் என்று நினைப்பவர்கள் அதிகம். சொட்டு மது தொடாதவருக்கும் வைரஸ் இதைக் கொண்டுவரும். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களில் 100-க்கு 15 முதல் 30 பேர் 20 வருஷத்துக்குள் இங்கே வந்துசேர்கிறார்கள். குடியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

இதுவரை சொன்னதில் இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும். வைரஸ் என்பது இப்போது ரத்தத்தில் இருப்பது. தழும்பு என்பது இத்தனை வருஷமாக அது கல்லீரலில் சேர்த்துவைத்தது.

புற்றுநோய் எங்கிருந்து வருகிறது

நல்ல கல்லீரலில் செல்கள் அபூர்வமாகத்தான் இரண்டாகப் பிரியும். சேதம் தொடர்ந்தால், செத்த செல்களின் இடத்தை நிரப்ப மற்றவை ஓயாமல் பிரிய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் செல் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். டி.என்.ஏ. என்பது செல்லின் மூலப் பிரதி, சுமார் 300 கோடி எழுத்து நீளம். இரவு பகலாக ஓட்டினால் எந்தத் தறியிலும் இழை தப்பும். போதாக்குறைக்கு அழற்சியில் சுரக்கும் ரசாயனங்களும் அந்தப் பிரதியை அரிக்கின்றன. பிழைகள் சேர்ந்து, 'பிரிவதை நிறுத்து' என்ற கட்டளை ஏதோ ஒரு செல்லில் அழிந்துபோனால், அதுதான் புற்றுநோயின் தொடக்கம்.

இங்கே பி-யையும் சி-யையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸால் தன் துண்டுகளை நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருக முடியும். அதனால் சிரோசிஸ் இல்லாமலே புற்றுநோய் வருவதுண்டு. சி அப்படிச் செருகுவதில்லை. அது பெரும்பாலும் அழற்சி, தழும்பு என்ற பாதையில்தான் புற்றுநோய்க்குக் கொண்டுபோகிறது. ஆகவே சி-யில் 'தழும்பு எவ்வளவு?' என்ற கேள்விக்கு இத்தனை கனம்.

மாத்திரை செய்வது என்ன

பழைய வைத்தியம் இன்டர்ஃபெரான் ஊசி. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று போட வேண்டும். காய்ச்சல், சோர்வு, மன அழுத்தம் என்று படுத்தி எடுக்கும். அவ்வளவும் தாங்கினாலும் வைரஸின் ரகத்தைப் பொறுத்து பாதிப் பேருக்குக் கேட்காது.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்றதும் கதை மாறியது. இது வைரஸின் நகல் எடுக்கும் இயந்திரத்துக்குள் போலி நூலாகப் போய் மாட்டிக்கொள்கிறது. அதற்குமேல் நகல் ஓடாது. கூடவே டாக்லடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர் என்று இன்னொரு மருந்து, வைரஸின் வேறொரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படி வைரஸின் கருவிகளையே குறிவைப்பதால் இவற்றை நேரடி வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் என்கிறார்கள். பெரும்பாலோருக்கு 12 வாரம். 100-ல் 95 பேருக்கு மேல் வைரஸ் அடியோடு போகிறது.

அடியோடு என்பது வெறும் பேச்சுக்கு இல்லை. எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் பி-யும் செல்லின் கருவுக்குள் ஒளிந்துகொள்ள இடம் பிடித்துவிடுகின்றன. சி-க்கு அப்படிப் பதுங்கும் இடம் இல்லை. நகல் எடுப்பதை நிறுத்திவிட்டால் இருக்கிற அட்டைகள் கிழிந்து தீர்ந்துபோகும். மருந்து முடிந்து 12 வாரம் கழித்தும் ரத்தத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ. இல்லையென்றால் குணமானதாகக் கணக்கு. இதை எஸ்.வி.ஆர். என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள்.

லேப்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். குணமானவர்கள் சிலர் ஒரு வருஷம் கழித்துத் தாங்களாகவே ஆன்டிபாடி பரிசோதனை எடுத்துவிட்டு, 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும் முகம் வெளுத்து நிற்பார்கள். ஆன்டிபாடி என்பது உடம்பு அந்த வைரஸை ஒருமுறை பார்த்திருக்கிறது என்பதற்கான அடையாளம். குணமான பிறகும் வருஷக்கணக்கில், பலருக்கு ஆயுசுக்கும் இருக்கும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்று தெரிய ஆர்.என்.ஏ. பரிசோதனைதான். ஆனால் ஆன்டிபாடி காவல் காக்கும் என்றும் நம்ப வேண்டாம். சுத்தம் செய்யாத ஊசி மறுபடி குத்தினால் மறுபடி தொற்றும். இதற்குத் தடுப்பூசி இல்லை.

விலையைப் பற்றியும் ஒரு வரி. அமெரிக்காவில் முதலில் 12 வார மருந்து 84,000 டாலர், அதாவது ஒரு மாத்திரை 1,000 டாலர். 2015-லிருந்து இந்தியக் கம்பெனிகளே உரிமம் பெற்றுத் தயாரித்ததில் அது பல மடங்கு இறங்கியது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ கேட்டால் சிகிச்சை மையத்துக்கு வழி சொல்வார்கள்.

ஆக, ரத்தத்தில் இருந்த வைரஸ் போய்விட்டது. நகல் நின்றது, சண்டை நின்றது, புதுத் தழும்பு சேர்வதும் நின்றது. பழைய தழும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையலாம். எவ்வளவு கரையும் என்பது எவ்வளவு சேர்ந்திருந்தது என்பதைப் பொறுத்தது.

70 சதவீதம் என்றால்

வைரஸ் நீங்கினால் கல்லீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 70 சதவீதம் குறைகிறது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் 62,000 பேருக்கு மேல் எடுத்த ஆய்விலும் ஏறக்குறைய இதே அளவுதான். பெரிய குறைவு இது. ஆனால் எதில் 70 சதவீதம் என்று கேட்க வேண்டும்.

சிரோசிஸ் வந்தும் வைத்தியம் பார்க்காத 100 பேரை எடுத்தால், வருஷத்துக்கு 1 முதல் 5 பேருக்குப் புற்றுநோய் வரும். விளக்கத்துக்காக 4 என்று வைப்போம். பத்து வருஷத்தில் 100-ல் 33 பேர். 70 சதவீதம் குறைத்தால் வருஷத்துக்கு 1 பேருக்குக் கொஞ்சம் மேலே, பத்து வருஷத்தில் 11 பேர். இருபதுக்கு மேற்பட்டவர்கள் தப்பித்தார்கள். ஆனாலும் 11 என்பது பூஜ்யம் இல்லை.

தழும்பே இல்லாதவர் கதை வேறு. அவருடைய அபாயம் தொடக்கத்திலேயே மிகச் சின்னது. அதிலும் முக்கால்வாசி போய்விட்டால் மிச்சம் ஏதோ நூலிழை. ஒரே மாத்திரை, ஒரே எஸ்.வி.ஆர்., ஆனால் இரண்டு பேருக்கு இரண்டு பதில். பெரியப்பாவுக்குத் தழும்பு நான்காம் நிலை. அவரோடு அதே நாளில் மருந்து தொடங்கிய திருப்பூர்ப் பையனுக்கு ஒன்றாம் நிலை. பையனை டாக்டர் "இனி வர வேண்டாம் தம்பி" என்று அனுப்பிவிட்டார். பெரியப்பாவுக்கு அது ஓரவஞ்சனையாகப் பட்டது.

'மாத்திரையால் கேன்சர்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது

இதற்கு ஒரு வேர் இருக்கிறது, யாரோ சும்மா கட்டிவிட்டது இல்லை. 2016-ல் ஸ்பெயினிலிருந்து ஒரு சிறு ஆய்வு வந்தது. ஏற்கெனவே கல்லீரல் புற்றுநோய் வந்து, அதை அகற்றிய பிறகு புது மாத்திரை சாப்பிட்ட 58 பேரில், சில மாதங்களுக்குள் 16 பேருக்குப் புற்றுநோய் திரும்ப வந்தது. மருத்துவர்களே திடுக்கிட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்கள். ஆனால் மாத்திரை சாப்பிடாத, அதே நிலையில் இருந்த 58 பேர் ஒப்பிட அங்கே இல்லை.

பொள்ளாச்சித் தோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 200 தென்னை. அதில் 20 மரத்தில் சிவப்புக் கூன்வண்டு துளைத்துச் சாறு வடிகிறது. தோட்டக்காரர் அந்த 20 மரத்துக்கு மட்டும் வேரில் மருந்து கட்டுகிறார். வருஷக் கடைசியில் எண்ணினால், மருந்து கட்டியதில் 5 மரம் பட்டுப்போயிருக்கிறது. கட்டாத 180-ல் 2 மரம்தான். 'மருந்துதான் மரத்தைக் கொன்றது' என்று யாராவது சொன்னால் தோட்டக்காரர் சிரிப்பார். மருந்து கட்டின மரமெல்லாம் ஏற்கெனவே வண்டு விழுந்த மரம்.

புது மாத்திரை வந்த புதிதில் நடந்ததும் அதுதான். விலை அதிகம், கிடைப்பது அரிது. ஆகவே கல்லீரல் மிகவும் கெட்டவர்களுக்கும், ஊசியைத் தாங்க முடியாத வயதானவர்களுக்கும் முதலில் கொடுத்தார்கள். அவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் முன்பே அதிகம்.

2019-ல் பிரான்ஸில் சுமார் 10,000 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு வந்தது. அப்படியே எண்ணினால், மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் புற்றுநோய் கூடுதலாகத் தெரிந்தது. வயது, தழும்பு எல்லாவற்றையும் சமன்செய்து, ஒத்தவர்களை ஒத்தவர்களோடு ஒப்பிட்டால் தராசு மறுபக்கம் சாய்ந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. வாட்ஸப்பில் முதல் பாதிதான் சுற்றுகிறது. இரண்டாம் பாதியை அனுப்ப யாருக்கும் பொறுமை இல்லை போலிருக்கிறது.

உண்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு, அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. சி-யோடு பி-யும் இருப்பவருக்கு, சி அடங்கும்போது பி தலைதூக்கலாம். அதனால் மாத்திரை தொடங்கும் முன் பி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

ஸ்கேன் யாருக்கு, ஏன் ஆறு மாதம்

மருந்து தொடங்கும்போது தழும்பு நான்காம் நிலை, அதாவது சிரோசிஸ் என்றால், குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கூடவே ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் சிலர் எழுதுவார்கள். அது கல்லீரல் கட்டிகள் சில சுரக்கும் ஒரு புரதம். மூன்றாம் நிலைக்காரர்களையும் இதில் சேர்ப்பதா என்பதில் ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் டாக்டரின் முடிவுதான் உங்களுக்கு.

இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. மருந்து முடிந்ததும் கல்லீரல் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் எண் சடாரென்று இறங்கும். 'தழும்பு போச்சு' என்று பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அழற்சியின் வீக்கம் வடிந்தாலே அந்த எண் இறங்கிவிடும், தழும்பு அங்கேயே இருக்கலாம். வெள்ளையாகப் பூத்த உப்பை மழை கழுவிவிட்டதும் மண் தேறிவிட்டதாக நினைப்பது மாதிரிதான். ஸ்கேன் தொடர வேண்டுமா என்பதை மருந்துக்கு முன்னால் இருந்த நிலையை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள்.

ஏன் ஆறு மாதம்? கல்லீரல் கட்டி சின்னதாக இருக்கும்போது வலிக்காது, ஒன்றும் தெரியாது. சராசரியாக நாலைந்து மாதங்களில் இரட்டிக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் கண்ணில் பட்டால் வெட்டி எடுக்கலாம், ஊசி வழியாகச் சுட்டுக் கருக்கலாம், தேவைப்பட்டால் மாற்றுக் கல்லீரலுக்கும் யோசிக்கலாம். வயிறு வீங்கி, பசி போய்க் கண்டுபிடித்தால் இந்த வழிகளில் பெரும்பாலானவை அடைபட்டிருக்கும்.

வைரஸ் போன பிறகும் கல்லீரலை அரிக்கிறவை உண்டு. குடி முதலாவது. சர்க்கரை நோய், தொப்பை, கொழுப்புக் கல்லீரல் அடுத்தது. 'குணமாயிருச்சுல்ல' என்று டாஸ்மாக் பக்கம் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அடைத்த வாய்க்காலைத் தாங்களே வெட்டிவிடுகிறார்கள்.

போன தடவை ஸ்கேனுக்குப் பெரியப்பாவோடு நான்தான் போனேன். வயிற்றில் ஜில்லென்று களிம்பைத் தடவியதும் நெளிந்தார். "மூச்சை இழுத்துப் பிடிங்கய்யா" என்றது அந்தப் பெண். பத்து நிமிஷம். கட்டி எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பஞ்சாங்கக் காலண்டரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"பொங்கல் கழிஞ்சு ஒருக்கா, ஆடி நோம்பி கழிஞ்சு ஒருக்கா. இப்படி வெச்சுக்கிட்டா மறக்காதுல்ல கண்ணு?"

"மறக்காதுங்க பெரியப்பா."

ஆடி பதினெட்டுக்கு அடுத்த திங்கட்கிழமையில் பென்சிலால் ஒரு சுழி போட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்.